கார்பன் கிரெடிட்: அடிப்படைக் கணக்கை எழுதுவது யார்?

ஏ.சி. மெக்கானிக் யாரைக் கேட்டாலும் ஆர்-22 தெரியும். பல ஆண்டுகள் நம் ஊர் ஏ.சி.களில் ஓடியது அந்த வாயுதான். வேதியியல்காரர்கள் அதை எச்.சி.எஃப்.சி-22 என்பார்கள். அதைத் தயாரிக்கும் ஆலையில் வேண்டாமலே கூடவே உருவாகும் கழிவு வாயு ஒன்று உண்டு. அதன் பெயர் எச்.எஃப்.சி-23. முன்பெல்லாம் பெரும்பாலும் அதைப் புகைபோக்கி வழியாக அப்படியே வெளியே விட்டுவிடுவார்கள். ஆனால் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் ஒரு டன் எச்.எஃப்.சி-23, 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கியோட்டோ உடன்படிக்கைக் காலத்தில் கணக்கிட்டிருந்தார்கள். இப்போதைய மதிப்பீடு அதைவிடவும் அதிகம்.

பூமியைச் சூடாக்கும் வாயுவைக் குறைத்ததற்கான சான்றுகள்தான் கிரெடிட்டுகள், அவற்றை விற்று வாங்கும் இடம் கார்பன் சந்தை. 2005க்குப் பிறகு சில ஆண்டுகள், உலகக் கார்பன் சந்தையின் பெரிய சரக்கே இந்தக் கழிவு வாயுதான். மொத்தம் 19 ஆலைகள். சீனாவில் 11, இந்தியாவில் 5, தென்கொரியா, மெக்சிகோ, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் ஒவ்வொன்று. இந்தியாவின் ஐந்தில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. ஐ.நா.வின் மேற்பார்வையில் நடந்த 'தூய்மை வளர்ச்சி முறைமை' என்ற திட்டத்தில் அந்தக் காலத்தில் வழங்கப்பட்ட கிரெடிட்டுகளில் ஏறக்குறைய பாதி இந்த 19 ஆலைகளுக்கே போனது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 10,000 டன் ஆர்-22 தயாரிக்கும் ஆலை ஒன்று. கழிவு 3 சதவீதம் என்றால் 300 டன் எச்.எஃப்.சி-23 கிடைக்கும். அதை உயர் வெப்பத்தில் எரித்து அழித்தால் 300 பெருக்கல் 11,700, அதாவது 35,10,000 கிரெடிட். ஒரு கிரெடிட் 10 யூரோவுக்கு விலைபோனால் மூன்றரைக் கோடி யூரோ. எரிப்பதற்கான செலவோ ஒரு கிரெடிட்டுக்கு ஒரு யூரோகூட ஆகாது. குளிர்பதன வாயுவை விற்று வரும் பணத்தைவிட அதன் கழிவை அழித்து வரும் பணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகலாம் என்று 2007இல் மைக்கேல் வாரா என்ற அமெரிக்க ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

ஆலையைக் கவனமாக நடத்தினால் கழிவை ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறைக்க முடியும். ஆனால் குறைத்தால் கிரெடிட்டும் பாதியாகிவிடும். அப்புறம் யார் குறைப்பார்கள்? 2010இல் சி.டி.எம். வாட்ச் என்ற கண்காணிப்பு அமைப்பு, ஆலைகள் ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கைகளையே எடுத்து அடுக்கிக் காட்டியது. சில ஆலைகளில் கிரெடிட் கிடைக்கும் காலத்தில் கழிவு விகிதம் உயர்ந்து நின்றது, கிடைக்காத காலத்தில் இறங்கியது. உற்பத்தி அளவும் அப்படித்தான், கிரெடிட்டுக்குத் தகுதியான உச்ச அளவை ஒட்டியே நின்றது. ரஷ்யாவில் இதேபோன்ற இன்னொரு திட்டத்தில் இருந்த ஆலைகளிலும், கிரெடிட் வரத் தொடங்கியதும் கழிவு வாயு அதிகமானதைப் பிற்பாடு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். காற்றைச் சுத்தப்படுத்தக் கொடுத்த காசு, அழிப்பதற்கென்றே அழுக்கை உற்பத்தி செய்யத் தூண்டியிருக்கிறது.

சீன அரசு இந்தக் கிரெடிட் வருமானத்தில் 65 சதவீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்த வகைக் கிரெடிட்டுகளைத் தன் சந்தையில் தடை செய்தது. 2016 அக்டோபரில், ருவாண்டாவின் கிகாலி நகரில் எச்.எஃப்.சி-23 உள்ளிட்ட எச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைக்கும் ஒப்பந்தம் முடிவாகும் நேரத்தில், இந்தியா தன் ஆலைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: எச்.எஃப்.சி-23ஐ உங்கள் சொந்தச் செலவில் எரித்துவிட வேண்டும், யாரும் பணம் தர மாட்டார்கள். கோடிக்கணக்கான யூரோ கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த ஒரு வேலையை ஓர் அரசு உத்தரவால் செய்யச் சொல்ல முடிந்தது.

கதை அதோடும் முடியவில்லை. வளிமண்டலத்தில் இந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று நேரடியாக அளக்கும் நிலையங்கள் பல நாடுகளில் உண்டு. அந்த அளவீடுகளை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 2018ஆம் ஆண்டில் உலகம் வெளியேற்றிய எச்.எஃப்.சி-23 சுமார் 15,900 டன், அதுவரை இல்லாத உச்சம் என்றது. நாடுகள் கொடுத்த அறிக்கைகளின்படி அது பெருமளவு குறைந்திருக்க வேண்டிய காலம் அது.

இந்த ஒரு வாயுவின் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார்பன் சந்தையைப் பற்றி முப்பது ஆண்டுகளாக நாடுகள் சண்டை போட்டுவரும் விஷயம் அத்தனையும் இதற்குள் இருக்கிறது.

கிரெடிட் என்றால் என்ன?

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு, அல்லது அதற்குச் சமமான வேறொரு பசுங்குடில் வாயு, காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்டது என்பதற்கான சான்று. அந்த ஒரு டன்னை எப்படி அளப்பது? இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, ஆலை இப்போது உண்மையில் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பது. இதை மீட்டர் வைத்து அளந்துவிடலாம். இன்னொன்று, இந்தத் திட்டம் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு வெளியேற்றியிருக்கும் என்பது. இதைத்தான் அடிப்படைக் கணக்கு என்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விற்பனைக்கு வருகிறது. அடிப்படைக் கணக்கில் உள்ள எண்ணை எந்த மீட்டராலும் அளக்க முடியாது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, நியாயமான அனுமானங்களோடு எழுத வேண்டிய எண் அது.

அரிசிக் கடையில் எடை குறைந்தால் வாங்குகிறவர் சண்டைக்கு வருவார். அதனால் தராசு ஓரளவு நேர்மையாக இருக்கும். கார்பன் கிரெடிட் வியாபாரத்தில் அந்தச் சண்டை வராது. அடிப்படைக் கணக்கைக் கூட்டி எழுதினால் விற்பவருக்கு அதிகச் சரக்கு, வாங்குபவருக்கு விலை மலிவு. இருவருக்கும் லாபம். நஷ்டம் வளிமண்டலத்துக்கு, அது பேரத்தில் உட்காருவதில்லை. திட்டத்தைச் சரிபார்க்க வேண்டிய தணிக்கை நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பதும் திட்டத்தை நடத்துகிறவர்தான்.

ஆக, கார்பன் சந்தை நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. அடிப்படைக் கணக்கை எழுதுவது யார், அதை எவ்வளவு இறுக்கமாக எழுதுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கியோட்டோவில் ஓர் அபராதம் சந்தையானது

1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான காலநிலை ஒப்பந்தம் ஒரு கொள்கையை வகுத்தது. எல்லா நாடுகளுக்கும் பொறுப்பு பொது, ஆனால் அளவில் வேறுபட்டது. நூறு, இருநூறு ஆண்டுகளாக நிலக்கரி எரித்துப் பணக்காரர்களான நாடுகள் முதலில் குறைக்க வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில் அது எண்ணாக மாறியது: தொழில்மய நாடுகள் 2008 முதல் 2012 வரையான காலத்தில் தங்கள் உமிழ்வை 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து சராசரியாக 5.2 சதவீதம் குறைக்க வேண்டும்.

அமெரிக்கா ஒரு நிபந்தனை வைத்தது. உள்நாட்டிலேயே குறைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, மற்றவர்களிடம் வாங்கிக்கொள்ளவும் அனுமதி வேண்டும். அவர்களுக்கு ஓர் அனுபவம் இருந்தது. அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடைக் குறைக்க 1990இல் சட்டம் போட்டு, மின்நிலையங்களுக்கு உச்சவரம்பு வைத்து, வரம்புக்குக் கீழே மிச்சம் பிடித்தவர் மற்றவருக்கு விற்கலாம் என்றார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் வேலை முடிந்தது. கார்பனுக்கும் அதே வழி என்றார்கள். எந்த ஊர்ப் புகைபோக்கியில் குறைந்தாலும் வானத்துக்கு ஒன்றுதானே, மலிவாக முடிகிற இடத்தில் முதலில் குறைப்போம் என்பது வாதம்.

இந்தியாவும் சீனாவும் இதைக் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பின் நியாயத்தை இன்றைக்கு நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. வானம் யாருக்கு எவ்வளவு சொந்தம் என்று முடிவு செய்யாமல் அதை எப்படி விற்பது? தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஏழை நாடுகளுக்குப் பெரும் பங்கு வர வேண்டும். ஒரு விவசாயியின் நெல் வயலில் இருந்து வரும் மீத்தேனையும் ஒரு குடும்பத்தின் மூன்றாவது காரில் இருந்து வரும் புகையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்ற கேள்வியை டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1991இலேயே எழுப்பியிருந்தது.

கியோட்டோவின் கடைசி இரவு விடியும்வரை இழுத்தது. மாநாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அர்ஜென்டினாவின் ராவுல் எஸ்ட்ராடா. உமிழ்வு வர்த்தகப் பிரிவில் பேச்சு முட்டி நின்றபோது அவர் கூட்டத்தைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, ஒரு சிறிய வாசகத்தோடு திரும்பி வந்தார். வர்த்தகம் உண்டு, விதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். சுத்தியலைத் தட்டி முடித்தார்கள்.

அதே மாநாட்டில் நடந்த இன்னொரு மாற்றம்தான் என்னைப் பொறுத்தவரை இன்னும் முக்கியமானது. இலக்கைத் தவறவிடும் பணக்கார நாடுகளிடம் அபராதம் வசூலித்து, அதை ஒரு நிதியாக்கி, ஏழை நாடுகளின் தூய எரிசக்திக்குக் கொடுக்கலாம் என்று பிரேசில் முன்மொழிந்திருந்தது. பேச்சுவார்த்தை முடிந்தபோது அபராதம் காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக, பணக்கார நாடுகள் ஏழை நாட்டுத் திட்டங்களில் பணம் போட்டுக் கிரெடிட் வாங்கி, அதைத் தங்கள் இலக்கில் கழித்துக்கொள்ளலாம் என்ற தூய்மை வளர்ச்சி முறைமை வந்தது. தவறியவர் கட்ட வேண்டிய பணம், தவறாததாகக் காட்டிக்கொள்ளக் கொடுக்கும் பணமாக மாறிவிட்டது.

வர்த்தகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அமெரிக்காவோ உடன்படிக்கையில் சேரவே இல்லை. அதன் செனட் சபை கியோட்டோவுக்கு முன்பே, வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்று 95-0 என்ற கணக்கில் தீர்மானம் போட்டிருந்தது. 2001இல் புஷ் அரசு அதிகாரபூர்வமாகக் கைகழுவியது. ரஷ்யா சேர்ந்த பிறகுதான், 2005 பிப்ரவரியில், உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ரஷ்யாவுக்கு அதில் வசதியும் இருந்தது. சோவியத் பொருளாதாரம் சரிந்ததால் அதன் உமிழ்வு 1990 அளவிலிருந்து தானாகவே விழுந்து கிடந்தது. எதுவும் செய்யாமலே விற்பனைக்கு மிச்சம் இருந்தது. உக்ரைனுக்கும் அதே நிலை. அங்கேயும் தவறு அடிப்படை ஆண்டில்தான்.

முப்பந்தல் காற்றாலைகளின் கேள்வி

தூய்மை வளர்ச்சி முறைமையின் விதிப்படி, கிரெடிட் பணம் கிடைக்காவிட்டால் இந்தத் திட்டம் வந்தே இருக்காது என்று நிரூபிக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பாருங்கள். முப்பந்தல் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்பது அந்த வழியாகப் பஸ்ஸில் போனவர்களுக்கே தெரியும். கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலை முதலாளிகள் அங்கே காற்றாலை நிறுத்தியதற்குப் பல காரணங்கள் இருந்தன. ஆலைக்கு மின்சாரம் வேண்டும், வாரியக் கட்டணம் அதிகம், மின்வெட்டு வேறு. மேலாக, காற்றாலைக்குப் போட்ட முதலின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாக எழுதி வரியில் கழித்துக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது. இத்தனைக்கும் மேலே கார்பன் கிரெடிட்டும் சேர்ந்தது. நூற்பாலைகளின் சங்கம் ஒன்றே பல ஆலைகளின் காற்றாலைகளைச் சேர்த்து ஒரே திட்டமாக ஐ.நா.வில் பதிவு செய்தது.

கிரெடிட் இல்லாவிட்டால் அந்தக் காற்றாலைகள் நின்றிருக்காதா? இந்தியாவின் 1,350 காற்றாலைத் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2021இல் வந்தது. கிரெடிட் வாங்கிய திட்டங்கள் எவை, வாங்காமலே கட்டப்பட்ட திட்டங்கள் எவை, எது அதிக லாபம் தரக்கூடியது என்று கணக்கிட்டது. கொடுக்கப்பட்ட கிரெடிட்டுகளில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்கே போயிருக்கிறது என்பது அதன் முடிவு.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காற்றாலை நல்ல விஷயம். தமிழ்நாடு அதில் முன்னோடி. ஆனால் எப்படியும் வந்திருக்கும் ஒரு காற்றாலையின் பெயரில் கிரெடிட் விற்றால், அதை வாங்கிய ஜெர்மனியின் நிலக்கரி மின்நிலையம் அதே அளவு கூடுதலாகப் புகை விட அனுமதி பெறுகிறது. மொத்தத்தில் உலக உமிழ்வு கூடிவிடுகிறது. நம் ஊர்க் காற்றாலை சுற்றச் சுற்ற, கூடுதல் புகைக்கு அனுமதிச் சீட்டும் அச்சாகிக்கொண்டிருந்தது.

ஐரோப்பிய ஆணையத்துக்காக ஜெர்மனியின் ஓகோ நிறுவனம் 2016இல் கொடுத்த அறிக்கை, ஆய்வுக்கு எடுத்த திட்டங்களில் 85 சதவீதத்தில் உமிழ்வுக் குறைப்பு உண்மையானதாகவும் கூடுதலானதாகவும் இருக்க வாய்ப்பு குறைவு என்றது. அதற்குள் சந்தையே படுத்துவிட்டிருந்தது. 2008இல் 20 யூரோவுக்கு மேல் போன கிரெடிட், 2012 முடியும்போது ஒரு யூரோவுக்கும் கீழே. கிரெடிட்டை நம்பி உண்மையாகவே தொடங்கப்பட்ட சிறிய திட்டங்கள்தான் அந்தச் சரிவில் அதிகம் அடிபட்டன. எச்.எஃப்.சி. ஆலைகள் அதற்குள் சம்பாதித்து முடித்திருந்தன.

உச்சவரம்பு இருந்தால் கதை வேறு

கார்பன் சந்தையில் இன்னொரு வகை உண்டு. அதில் கற்பனையான எண்ணுக்கு இடம் குறைவு. அரசு மொத்தமாக ஒரு உச்சவரம்பு வைக்கிறது, அந்த அளவுக்குத்தான் அனுமதிச் சீட்டுகளை வெளியிடுகிறது. ஆலைகள் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே அளக்க வேண்டியது உண்மையில் வந்த புகையை மட்டும்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை 2005இல் தொடங்கியது. தொடக்கம் மோசம். ஆலைகள் கேட்டதற்கெல்லாம் சீட்டை இலவசமாக அள்ளிக் கொடுத்தார்கள். 2006 ஏப்ரலில் உண்மையான உமிழ்வு விவரம் வெளியானதும் சீட்டுகள் தேவைக்கு மேல் இருப்பது தெரிந்து விலை சில நாட்களில் பாதியானது. 2007 முடிவில் சில காசுகளுக்கு வந்து நின்றது. பிறகு பொருளாதாரச் சரிவு, வெளிநாட்டு மலிவுக் கிரெடிட்டுகளின் வெள்ளம் என்று பல ஆண்டுகள் அந்தச் சந்தை நோஞ்சானாகவே கிடந்தது. உச்சவரம்பை ஆண்டுதோறும் இறக்கி, உபரிச் சீட்டுகளைச் சந்தையிலிருந்து எடுத்து, வெளிநாட்டுக் கிரெடிட்டுகளுக்குக் கதவைச் சாத்திய பிறகுதான் நிமிர்ந்தது. 2023 பிப்ரவரியில் ஒரு டன் 100 யூரோவைத் தாண்டியது. அதே ஆண்டு, அந்தச் சந்தைக்குள் வரும் மின்நிலையங்கள், ஆலைகளின் உமிழ்வு 2005ஐவிட சுமார் 47 சதவீதம் குறைந்திருந்தது. சூரிய ஒளி, காற்று மின்சாரத்தின் விலை வீழ்ச்சிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் நிலக்கரியை நஷ்டத் தொழிலாக்கியதில் கார்பன் விலைக்கும் பங்கு இருப்பதை மறுக்க முடியாது. சந்தை விலைக்கு மேல் 2013 முதல் சொந்தமாக ஒரு கார்பன் வரியும் சேர்த்த பிரிட்டன், 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது.

பாரிஸுக்குப் பிறகு: ஒரே குறைப்பை இருவர் எழுதிக்கொள்வது

கியோட்டோவில் இலக்கு பணக்கார நாடுகளுக்கு மட்டும். 2015இல் வந்த பாரிஸ் ஒப்பந்தத்தில் எல்லா நாடுகளுக்கும் சொந்த இலக்கு உண்டு. இது கார்பன் வியாபாரத்தையே தலைகீழாக மாற்றிவிட்டது. முன்பு இந்தியாவுக்கு இலக்கு இல்லாததால், இங்கே குறைத்ததை விற்றாலும் நம் கணக்கில் எதுவும் குறையாது. இப்போது ஒரு டன்னை விற்றால் அதை நம் இலக்கில் காட்ட முடியாது. வாங்கியவரும் கழித்துக்கொண்டு, விற்றவரும் கழித்துக்கொண்டால் ஒரே டன் இரண்டு முறை எண்ணப்படும்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு இதற்காகத்தான். அதன் விதிகளை எழுதி முடிக்கவே ஆறு ஆண்டுகள் ஆயின. 2018இல் போலந்தின் கட்டோவிட்சேயில் மற்ற எல்லா விதிகளும் முடிந்து இது மட்டும் நின்றது. 2019இல் மாட்ரிட் மாநாடு இரண்டு நாள் கூடுதலாக இழுத்தும் முடியவில்லை. புதிய சந்தையில் விற்கும் கிரெடிட்டின் அளவுக்கு உமிழ்வைத் தன் கணக்கில் திருப்பிச் சேர்க்கத் தேவையில்லை என்று பிரேசில் நின்றது. கியோட்டோ காலத்துப் பழைய கிரெடிட்டுகளையும் புதிய கணக்கில் அனுமதிக்க வேண்டும் என்று பிரேசில், இந்தியா, சீனா மூன்றும் வாதிட்டன. இந்தியாவின் இந்த நிலைப்பாட்டோடு எனக்கு உடன்பாடு இல்லை. கியோட்டோவில் நாம் எழுப்பிய நியாயமான கேள்விகளுக்கு இது பொருந்தவில்லை. முதலீடு செய்த நிறுவனங்களின் நம்பிக்கையைக் காக்க வேண்டும் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்தாலும், அந்தக் கிரெடிட்டுகள் சொல்லும் குறைப்பு நடந்திருந்தால் அது ஏற்கெனவே நடந்து முடிந்த குறைப்பு. அதை மறுபடி விற்பதால் புதிதாக ஒரு டன்னும் குறையாது.

2021இல் கிளாஸ்கோவில் சமரசம் வந்தது. விற்கும் நாடு தன் கணக்கில் திருப்பிச் சேர்த்தே ஆக வேண்டும். 2013 முதல் பதிவான திட்டங்களின் பழைய கிரெடிட்டுகளை மட்டும் பாரிஸ் ஒப்பந்தத்தின் முதல் சுற்று இலக்குகளுக்குப் பயன்படுத்தலாம். ஐ.நா. சந்தையில் வரும் கிரெடிட்டுகளில் 5 சதவீதம் ஏழை நாடுகள் காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க உதவும் தகவமைப்பு நிதிக்கு, 2 சதவீதம் யாருக்கும் இல்லாமல் ரத்து. மிச்சமிருந்த நுணுக்கங்களை 2024 நவம்பரில் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாடு முடித்து வைத்தது. புதிய தரவிதிகளின்படி அடிப்படைக் கணக்கு பழைய வழக்கத்தை அப்படியே நீட்டிப்பதாக இருக்கக் கூடாது, காலப்போக்கில் கீழே இறங்கிக்கொண்டே வர வேண்டும். எச்.எஃப்.சி-23 கற்பித்த பாடம் பல ஆண்டுகளுக்குப் பிறகாவது விதியாகியிருக்கிறது.

நாடும் நாடும் நேரடியாக விற்று வாங்குவதும் தொடங்கிவிட்டது. பாரிஸ் இலக்குகளுக்காக நடந்த முதல் கைமாற்றம் 2024 தொடக்கத்தில். பாங்காக் நகரில் ஓடும் மின்சாரப் பேருந்துகள் மிச்சம் பிடித்த 1,916 டன்னைத் தாய்லாந்து சுவிட்சர்லாந்துக்கு விற்றது. மிகச் சிறிய அளவுதான். ஆனால் இதில் உள்ள சிக்கலைக் கவனிக்க வேண்டும். எளிதான, மலிவான குறைப்புகளையெல்லாம் ஏழை நாடு முதலில் விற்றுவிட்டால், தன் சொந்த இலக்குக்கு மிஞ்சுவது செலவு பிடிக்கும் குறைப்புகள்தான். அடுப்பும் பல்பும் விற்றுப்போன பிறகு, உருக்காலையை நாம் சொந்தக் காசில் மாற்ற வேண்டியிருக்கும்.

அடுப்பு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. நிறுவனங்கள் தாமாக வாங்கும் கிரெடிட்டுகளுக்கென்று ஒரு தனிச் சந்தை இருக்கிறது. அதில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் புகை குறைந்த அடுப்பு கொடுக்கும் திட்டங்கள் ஏராளம். பெண்களின் நுரையீரலுக்கு நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிரெடிட் கணக்கு, புது அடுப்பு வந்ததும் பழையதைக் கிட்டத்தட்ட விட்டுவிடுவார்கள் என்று வைத்துக்கொள்கிறது. நம் கிராமத்து வீடுகளில் காஸ் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் வெந்நீர் போடவும் மாட்டுக்குத் தவிடு காய்ச்சவும் கொல்லையில் விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்தால் சோறும் அதில்தான். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, தாங்கள் பார்த்த அடுப்புத் திட்டங்கள் உண்மையான குறைப்பைப் போல சராசரியாக 9 மடங்குக்கும் மேல் கிரெடிட் எடுத்திருப்பதாகக் கணக்கிட்டது. காடு காக்கும் திட்டங்களிலும் இதே குற்றச்சாட்டு 2023இல் பெரிதாக வெடித்தது. இந்தக் காடு வெட்டப்பட்டிருக்கும் என்ற அனுமானத்தைப் பெரிதாக்கிக் கிரெடிட் எடுத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. சான்றளித்த நிறுவனம் அதை மறுத்தது.

பணம் எங்கே என்ற கேள்வி

பாகுவில் கார்பன் சந்தை விதிகள் முதல் நாளிலேயே வேகமாக நகர்ந்தன. பணம் பற்றிய பேச்சு கடைசி இரவைத் தாண்டியும் நகரவில்லை. வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடித்தார்கள். இந்தியப் பிரதிநிதி அந்த முடிவை அரங்கிலேயே எதிர்த்துப் பேசினார், ஆனால் சுத்தியல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

இரண்டும் ஒரே மாநாட்டில் நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நிதி குறையும் இடத்தில் சந்தையைக் காட்டுகிறார்கள். ஆனால் கிரெடிட் வாங்குவது உதவி ஆகாது. உதவி கொடுத்தால் குறைப்பு நம் கணக்கில் நிற்கும். கிரெடிட் வாங்கினால் குறைப்பு அவர்கள் கணக்குக்குப் போகும். 2025 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் அமைச்சர்கள், 2040ஆம் ஆண்டு இலக்கில் 5 சதவீதப் புள்ளிகள் வரை வெளிநாட்டுக் கிரெடிட்டுகளால் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். சாத்திய கதவு மறுபடி திறக்கிறது. விற்கும் வரிசையில் நாமும் இருப்போம்.

இந்தியாவின் சொந்தச் சந்தை

2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023இல் அறிவிக்கை வெளியிட்டு, இந்தியா தனக்கென ஒரு கார்பன் சந்தையை உருவாக்கிவருகிறது. அலுமினியம், சிமென்ட், காகிதம், குளோர்-ஆல்கலி (குளோரின், காஸ்டிக் சோடா தயாரிப்பு) ஆகிய துறைகளின் ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்குகள் அறிவிக்கப்பட்டன. மற்ற துறைகளும் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டுவருகின்றன. 2023-24ஆம் ஆண்டு அளவு அடிப்படை. அதிலிருந்து ஒவ்வோர் ஆலையும் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று இலக்கு. இலக்கைத் தாண்டிக் குறைத்தவர் சான்று பெற்று விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு காரணம் ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் கட்டணம். 2026 ஜனவரி முதல் உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்ற இறக்குமதிகளுக்கு அது அமலுக்கு வந்துவிட்டது. சொந்த நாட்டிலேயே கார்பன் விலை கட்டியிருந்தால் அந்த அளவைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். அதாவது, நம் உருக்காலை கட்டும் பணம் பிரஸ்ஸல்ஸ் கஜானாவுக்குப் போவதா, இங்கேயே நிற்பதா என்ற கேள்வி. இந்தக் கட்டணம் வளரும் நாடுகளின் மேல் விழும் அநியாயச் சுமை என்று இந்தியா சொல்வதை நான் ஏற்கிறேன். அதற்காக உள்நாட்டு விலையைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமில்லை.

நம் சந்தையில் மொத்த உச்சவரம்பு கிடையாது. ஒரு டன் சிமென்டுக்கு எவ்வளவு கார்பன் என்ற விகிதத்துக்குத்தான் இலக்கு. வளரும் நாட்டுக்கு இது புரிந்துகொள்ளக்கூடியதுதான், வீடும் பாலமும் கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் விகித இலக்கு தளர்வாக இருந்தால் எல்லோருமே அதைத் தாண்டிவிடுவார்கள், சான்று குவியும், விலை விழும். ஆற்றல் சேமிப்புச் சான்றுகளை விற்கும் முந்தைய திட்டத்தில் இதைப் பார்த்துவிட்டோம். நாட்டின் உமிழ்வில் மிகப் பெரிய பங்கு வகிக்கும் அனல்மின் நிலையங்கள் இன்னும் வெளியே நிற்பதும் பெரிய ஓட்டை.

வெளிநாட்டுக்கு எதை விற்கலாம் என்பதற்கும் மத்திய அரசு 2023இல் ஒரு பட்டியல் போட்டது. பசுமை ஹைட்ரஜன், மின்சாரச் சேமிப்போடு கூடிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல், கடல் காற்றாலை போன்ற செலவு பிடிக்கும் 13 செயல்பாடுகள் அதில் இருந்தன. மலிவானதை நமக்கு வைத்துக்கொண்டு, நம்மால் தனியாகச் செய்ய முடியாததை விற்பது என்ற யோசனை சரியானது. அதில் கடல் காற்றாலை நேரடியாக நம் கரையைத் தொடுகிறது. குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைகளுக்கு உதவ 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கரையில் நிற்கும் காற்றாலையைவிடக் கடலில் நிறுத்துவதற்குச் செலவு பல மடங்கு, வெளிப்பணம் இல்லாமல் வராது என்று இங்கே நியாயமாகவே வாதிடலாம். ஆனால் அரசு மானியமும் வந்து கிரெடிட்டும் வந்தால், எந்தப் பணத்தால் எத்தனை கோபுரம் எழுந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை, கடலில் முதல் தூண் இறங்கும் முன்பே எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்தக் கடலில் வலை போடும் மீனவர்களிடமும் அதைக் காட்ட வேண்டும். அவர்களுடைய இழப்பும் அந்தக் கணக்கில் ஒரு வரிதான்.